வெற்றிலைப் பொத்தான்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என் பேப்பர் கடைக்கும் கெங்கம்மாளின் மல்லாட்டை வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் உண்டு. அந்த இடம் யாருடையது என்று நாங்கள் இருபது வருஷமாகச் சண்டை போட்டு வருகிறோம். எனக்கு முன்கோபம் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். கெங்கம்மாளுக்கு முன்கோபமும் உண்டு, பின்கோபமும் உண்டு. காலையில் போட்ட சண்டையைச் சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஞாபகமாக எடுத்து, இன்னொரு வாய் போட்டுவிட்டுத்தான் போவாள். அப்படிப்பட்டவளைப் பற்றி நல்லவிதமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கெங்கம்மாள் அதை உப்புப் போட்டு அவித்து, ஆவி பறக்க அளந்து கொடுப்பாள். மற்ற வியாபாரிகள் கூடையோடு பஸ்ஸில் ஏறி இறங்குவார்கள். இவள் ஏறமாட்டாள். நின்ற இடத்தில் நின்று, "மல்லாட்டே... சூடா மல்லாட்டே..." என்று ஒரு குரல் விடுவாள். அந்தக் குரல்தான் பஸ்ஸில் ஏறும். கடைசி சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவன்கூட எழுந்து சில்லறை தேடுவான். விழுப்புரம் பஸ்ஸானாலும் செஞ்சி பஸ்ஸானாலும் டிக்கெட் இல்லாமல் அதற்கு இடம் உண்டு.

கேடு வந்ததும் அந்தக் குரலுக்குத்தான். முதலில் கரகரத்தது. கத்திக் கத்தி வந்த கரகரப்பு என்று மிளகுப் பால் குடித்துப் பார்த்தாள். பிறகு சோறு விழுங்கவே சிரமமாகி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனால், தொண்டையில் புற்று, குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் கலைப்பிரியா அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பில் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று கெங்கம்மாள் என் கடையில் வந்து உட்கார்ந்து, "பேப்பர்காரரே, எடுத்துக்கட்டும். பேசிக் கிழிச்ச வரைக்கும் போதும். அவளுக்கு வேற யாரு கீறாங்க?" என்றாள். சண்டைக்காரி சாந்தமாகப் பேசினால் பயமாக இருக்கிறது.

மகள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். கொரோனா சமயத்தில் ஆன்லைன் கிளாசுக்கு வாங்கிய டேப்லெட் ஒன்று வீட்டில் இருந்தது. படத்தைத் தொட்டால் பதிந்து வைத்த பேச்சு வருகிற மாதிரி ஒரு ஆப்பை அதில் ஏற்றினாள். ஆபரேஷனுக்கு முந்தின சில சாயங்காலங்கள் அம்மாவை எதிரே உட்கார வைத்து, இருக்கிற குரலையெல்லாம் வழித்துப் பதிவு செய்தாள். மல்லாட்டைப் படத்தைத் தொட்டால் கூவல். காசுப் படத்தைத் தொட்டால் "சில்லறையா குடு". செருப்புப் படத்தைத் தொட்டால் "ஓரமா நில்லு, இது இன்னா உங்கப்பன் வூட்டு வண்டியா?" இது என்னை மனத்தில் வைத்துச் சொன்னது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

எல்லாம் முடிந்தபின் கெங்கம்மாள் தானாகவே, இன்னும் ஒன்று பதிந்துகொள் என்றிருக்கிறாள். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது சொல்கிற வாக்கு. மாப்பிள்ளை வீட்டார், "பணம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்பார்கள். பெண்ணைப் பெற்றவர், "பணம் எங்களுது, பொண்ணு உங்களுது" என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். மூன்று முறை. அதைச் சொன்னால்தான் கல்யாணம் உறுதி. தாம்பூலம் எல்லாம் அப்புறம்தான்.

"எனக்கு மாப்பிள்ளையே பாக்கல, அதுக்குள்ள இன்னாத்துக்குமா?" என்று மகள் கேட்டாளாம்.

"அன்னிக்கி நான் எங்கடி போயி குரலு கடன் வாங்கறது?" என்றாளாம் அம்மா.

அதற்கு ஒரு வெற்றிலைப் படம் வைத்தார்கள். அந்தப் பொத்தானை மட்டும் அதற்கப்புறம் கெங்கம்மாள் யாரையும் தொட விடவில்லை. வேளை வராமல் அமுக்கினால் பலிக்காது என்பது அவள் கட்சி. ஆகவே அதில் என்ன இருக்கிறதென்று மகள்கூடத் திரும்பக் கேட்டதில்லை.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் மூச்சுவிட ஒரு துளையும் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியுமாக அவள் வண்டிக்குத் திரும்பி வந்த நாளை நான் மறக்கமாட்டேன். பஸ் வந்து நின்றது. டேப்லெட்டைத் தலைக்குமேல் தூக்கி ஜன்னலோரம் காட்டி மல்லாட்டைப் படத்தை அமுக்கினாள். பழைய கூவல் கரகரப்போடு வந்தது. சத்தம் பாதிதான். அதனால் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் அமுக்கினாள். இருபது வருஷம் இடத்தைவிட்டு அசையாதவள் அன்று முதல் பஸ்ஸைச் சுற்றி நடந்தாள். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மறைக்க வேண்டியிருந்தது.

சண்டையும் நிற்கவில்லை. நான் ஒன்று சொன்னால் அவள் விரல் ஒன்பது சொல்லும். செருப்புப் படத்தை அவள் தேய்த்த தேய்ப்பில் அந்த இடத்தில் கண்ணாடியே மங்கிப் போயிருக்கிறது.

போன வருஷம் கலைப்பிரியாவுக்கு இடம் அமைந்தது. அவள் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். பையன் ரஞ்சித் கோலியனூர்ப் பக்கம், நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். அவன் அப்பா பேர் பூமாலை, கொத்தனார். திருவாமாத்தூர் கோயிலில் நிச்சயம் செய்வதென்று பேசினார்கள். அங்கே கொடுத்த வாக்கு பொய்க்கக் கூடாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பயம் உண்டு. அதனால்தான் அந்த இடம்.

கெங்கம்மாளின் அண்ணன் சின்னக்கண்ணு கெட்டவரில்லை. ஆனால் மீசைக்கு ஏற்ற பேச்சு வேண்டுமே. "பொம்பள, அதுவும் புருஷன் இல்லாதவ, சபையில வாக்கு குடுக்கறதா? போதாக்கொறைக்கு ஒரு மெஷினு பேசுமா? தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் கீறேன். நானே சொல்லிட்றேன்" என்றார். கெங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் செருப்புப் படத்தை அமுக்கினாள். "இது இன்னா உங்கப்பன் வூட்டு வண்டியா?" என்று கேட்டது டேப்லெட். அவருக்கும் இவளுக்கும் அப்பன் ஒருவர்தான். இருந்தாலும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. தராசு, அகப்பை, அண்டா, வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவள் வழக்கம். சிலுவை மாட்டியிருக்கிற என் கடைக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைத்துவிடுவாள். பேர் ஆரோக்கியராஜ் என்று தெரிந்தும் செய்வாள், நானும் துடைத்ததில்லை. அந்த வருஷம் டேப்லெட்டுக்கும் அமோகமாகப் பொட்டு. அதோடு நின்றாளா? பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்துப் புழங்குவதுதான் வழக்கம். இவள் எடுக்கவில்லை. பூஜை கழிந்து டேப்லெட் பேசுகிற முதல் பேச்சு வெற்றிலைப் பேச்சாகத்தான் இருக்க வேண்டுமாம். நிச்சயம் வரைக்கும் வியாபாரம், வாய்ச்சண்டை எல்லாம் கைஜாடையிலேயே ஓடியது. பிடித்தால் குரங்குப்பிடி.

நிச்சயத்தன்று காலை ஒரு வேனில் கிளம்பினோம். ஓட்டியது எங்கள் ஸ்டாண்டு இனியவன். டேப்லெட் ஒரு மஞ்சள் துணியில் சுற்றி கெங்கம்மாள் மடியில் இருந்தது. "ஒரு தடவ போட்டுப் பாத்துடு, யம்மா" என்று கிளம்பும்போதே சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி அவள் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரம், கலைப்பிரியா மெல்ல டேப்லெட்டை எடுத்து மல்லாட்டைப் படத்தைத் தொட்டாள்.

சத்தமே இல்லை.

இன்னொரு தடவை தொட்டாள். செருப்பைத் தொட்டாள், காசைத் தொட்டாள். படங்கள் ஒளிர்ந்தனவே தவிர மூச்சுப் பேச்சில்லை. "பேப்பர் மாமா..." என்று என்னைப் பார்த்த முகத்தில் ரத்தமே இல்லை. கெங்கம்மாள் விழித்துக்கொண்டாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து நடந்த பேஜாரைக் கேட்கவா வேண்டும்? வேனில் இருந்த அத்தனை பேரும் இன்ஜினியர் ஆனார்கள். ஒருவர் வால்யூமைக் கூட்டு என்றார். அது ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது. சைலன்டில் இருக்கும் பார் என்றார் இன்னொருவர். இல்லை. அரிசி மூட்டைக்குள் வை என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. தண்ணீரில் விழவே இல்லையே, எதற்கு அரிசி? சின்னக்கண்ணு அதை வாங்கி, ரேடியோவைத் தட்டுகிற மாதிரி முழங்காலில் ரெண்டு தட்டு தட்டினார். கெங்கம்மாள் அவர் கையில் ரெண்டு தட்டு தட்டி அதைப் பிடுங்கிக்கொண்டாள். கலைப்பிரியா அணைத்து மறுபடி போட்டாள். அது விழித்து எழுவதற்குள் முண்டியம்பாக்கம் வந்துவிட்டது. பலன் பூஜ்யம்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "எல்லாரும் சும்மா இருங்க, ஆளாளுக்கு நாட்டாமை பண்ணாதீங்க" என்று கத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தேன். மேல் ஓரத்தில் பொடிசாக இயர்போன் படம் ஒன்று தெரிந்தது. இயர்போனே செருகாதபோது அந்தப் படம் எதற்கு? டேப்லெட் தன் காதில் ஏதோ செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டு, பேச்சை அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. இனியவன் தன் வயர் இயர்போனைக் கழற்றிக் கொடுத்தான். அதன் முனை பாதி போய் நின்றது. மெல்லத் திருகினேன். நறநறவென்று இறங்கியது. காதில் வைத்துக்கொண்டு மல்லாட்டைப் படத்தைத் தொட்டேன்.

"மல்லாட்டே... சூடா மல்லாட்டே..."

இவ்வளவு கிட்டத்தில் நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. "இருக்குது, யம்மா! உள்ள பத்திரமா இருக்குது!" என்று கத்தினேன். கெங்கம்மாள் என் காதிலிருந்து அதைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் இயர்போனை உருவினால் பழையபடி ஊமைதான். இனியவன் வண்டியை ஓரங்கட்டினான். செல்போன் வெளிச்சத்தில் அந்த ஓட்டைக்குள் பார்த்தேன். மஞ்சளாக, கெட்டியாக என்னவோ அடைத்திருந்தது. முகர்ந்தேன். சந்தனம்! பீரோவுக்குப் பொட்டு வைத்தால் சாவித்துவாரத்தில் வைக்கிறவள் அல்லவா? டேப்லெட்டிலும் வட்டமாக ஒரு துவாரம் இருக்கக் கண்டு, குழைத்த சந்தனத்தை அதன்மேல் அப்பி வைத்திருக்கிறாள். ஈரமாக உள்ளே இறங்கி, இத்தனை நாளில் இறுகிவிட்டது. மரியாதை கூடிப்போனதால் வந்த வினை.

"ஊசி குடுங்க, நோண்டி எடுத்துட்றேன்" என்றார் சின்னக்கண்ணு. நானும் சரி என்றேன். கலைப்பிரியா சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிவிட்டாள். கெங்கம்மாள் மட்டும் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாட்டேன் என்றாள். ஓட்டையைக் காட்டி, குத்துவதுபோல் செய்து, இரண்டு கையையும் விரித்தாள். குத்தி உடைந்துபோனால் காதில் கேட்கிற இதுவும் போய்விடும் என்கிறாள். மறுநாள் அதைச் சுத்தம் செய்த செல்போன் கடைக்காரரும் அதையே சொன்னார்: ஊசி விட்டிருந்தால் உள்ளே தகடு வளைந்து, எந்தப் பக்கமும் பேசியிருக்காது. எங்கள் மூன்று பேர் அவசரத்துக்கும் சேர்த்து நிதானம் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

கலைப்பிரியா விடவில்லை. பேச்சை வெளியே அனுப்ப அந்த ஆப்பில் வழி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. புளூடூத்தில் வேன் ஸ்பீக்கரோடு சேர்க்கலாமா என்று கேட்டாள். "நம்ம வண்டி பென் டிரைவ் போட்டாதாம்மா பாடும்" என்றான் இனியவன். கோயிலுக்குள் மைக் செட்டும் கிடையாது. கடைசியாக இயர்போனை அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்து மல்லாட்டைக் கூவலைப் பதிந்து பார்த்தாள். கொசு பேசுவதுபோல் இருந்தது. கெங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உடு கெங்கா. நேரமாவுது. நானே சொல்லிட்றேன்" என்றார் சின்னக்கண்ணு. இம்முறை அவர் குரலில் வீம்பு இல்லை, பரிவுதான் இருந்தது. கெங்கம்மாள் இயர்போன் வயரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டே வந்தாள்.

திருவாமாத்தூரில் மாப்பிள்ளை வீட்டார் முன்னமே வந்து மண்டபத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ராகு காலம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஐயர் அவசரப்படுத்தினார். தட்டுகள் வந்தன. பூமாலை எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பணம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்று மூன்று முறை சொன்னார். பிறகு எல்லோரும் எங்கள் பக்கம் பார்த்தார்கள். சின்னக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

கெங்கம்மாள் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு நேரே பூமாலையிடம் போனாள். இயர்போனின் ஒரு முனையை அவரிடம் நீட்டி, காதில் வைக்கச் சொல்லி ஜாடை காட்டினாள். மனிதர் திகைத்துப்போய் வைத்துக்கொண்டார். தன் அண்ணனைக் கைகாட்டி அங்கேயே வரவழைத்து, இன்னொரு முனையை அவர் காதிலேயே வைத்தாள். அதுதான் கெங்கம்மாள். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து வெற்றிலைப் படத்தை அமுக்கினாள்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பூமாலை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு திடீரென்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே துண்டால் கண்ணைத் துடைத்தார். சின்னக்கண்ணுவோ சிரிக்கவே இல்லை. மீசை துடிக்க, குழந்தை மாதிரி அழுதார்.

"அதெல்லாம் சரிங்க. ரெண்டு பேரு காதுல சொன்னா வாக்காவுமா? சபை கேக்கணும்ல?" என்றாள் ரஞ்சித்தின் அத்தை அம்சா. கேள்வி நியாயம்தான். கெங்கம்மாள் அதற்குக் காத்திருந்தவள்போல் அம்சாவிடமே போனாள். ஒரு காது அம்சாவுக்கு, ஒரு காது பக்கத்தில் இருந்த பெரியவருக்கு. அமுக்கினாள். அம்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "இந்தக் குரலு எனக்குத் தெரியும்! திண்டிவனத்துல பஸ்ஸு நின்னா கேக்குமே!" என்று கத்தினாள். அடுத்த இருவர். அதற்கடுத்த இருவர். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் அவள் குனிந்து குனிந்து போனாள், பஸ் ஜன்னல்களுக்குப் போகிற மாதிரியே. ஐயர் வாட்சைக் காட்டினார். "இருங்க சாமி. பொண்ணு குடுக்கறவங்க சொல்லி முடிக்கட்டும்" என்றார் பூமாலை.

எனக்கும் இனியவனுக்கும் முறை வந்தது. "பணம் எங்களுது, பொண்ணு உங்களுது." கணீரென்று, மூன்று முறை. சண்டையில்கூட அவள் அவ்வளவு அழுத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தால் முடியவில்லை. ஒரு சின்ன இடைவெளி. யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பதிவு ஓடிக்கொண்டிருப்பதை அன்று இரண்டு பேருமே மறந்திருக்கிறார்கள். பிறகு அதே குரல், இப்போது தணிந்து: "ஏன்டி அழுவுற? எவன்னே தெரியல, அதுக்குள்ள அழுவுது பாரு. வா, கேப்பங்கூழு கரைச்சி வெச்சிக்கீறேன், குடிச்சிட்டுப் படு."

அந்தக் கெங்கம்மாளோடு எத்தனை வருஷம் ஒரு சாண் இடத்துக்காகச் சண்டை போட்டேன்! அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. இதை நேரில் சொன்னால் செருப்புப் படத்தைத்தான் அமுக்குவாள்.

கடைசியாக இயர்போன் ரஞ்சித்துக்கும் கலைப்பிரியாவுக்கும் வந்தது. ஆளுக்கு ஒரு காது. கெங்கம்மாள் அவர்கள் எதிரே உட்கார்ந்து அமுக்கினாள். பதிவு ஓட ஓட அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. ஒரு எழுத்து பிசகவில்லை. கலைப்பிரியா முதல் வாக்குக்கே தலையைக் குனிந்துகொண்டாள். முடியும்போது தோள் குலுங்க அழுதாள்.

கெங்கம்மாள் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். உதட்டை அசைத்து என்னவோ கேட்டாள். சத்தம் வரவில்லை. ஆனால் அவள் கேட்டது என்னவென்று அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. சின்னக்கண்ணு, பூமாலை, அம்சா, நான், இனியவன், பேர் தெரியாத கோலியனூர்க்காரர்கள் எல்லோரும், யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரே குரலில் உரக்கக் கேட்டோம்:

"ஏன்டி அழுவுற?"